ஒழுகாது என்று சொல்லாதவர்

வண்டிக்காரர்கள் எல்லாரும் கடைசியில் அந்த அம்மாளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். டீசல் பம்பைக் கழற்றி, தேய்ந்துபோன சீல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டு, திரும்பப் பூட்டி, இன்ஜினை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அவர் நிமிரும்போது, "இனி ஒழுவாதுல்லா?" என்பார்கள்.

"இப்பம் ஒழுவல" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்லை அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை. நான்கு ஆண்டுகளில் இருபத்தொரு முறை அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறேன். குறைந்தது அறுபது பேராவது கேட்டுப் பார்த்தார்கள்.

மதுரைக்குச் சவாரி எடுத்திருந்த ஒரு டாக்சிக்காரர் ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"மதுரை வர தாங்குமாக்கா? அத மட்டும் சொல்லுங்க."

"இங்கன நின்னு பாத்தா மதுரை தெரியுதா ஒனக்கு?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. போயிட்டு வந்து காட்டு."

இன்னொரு நாள் ஒரு பங்குச்சாமியார் தம் ஜீப்பைக் கொண்டுவந்திருந்தார். கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடிவிடுமா என்று கேட்டார். "சாமி, அத நீங்க மேல கேட்டு எனக்குச் சொல்லணும். எங்கிட்ட கேக்கிய!" என்றார் அம்மாள். சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது என் வண்டிக் கவலை.

என் வண்டி மணிக்குப் பதினான்கு சொட்டு ஒழுகியது. வண்டிக்குக் கீழே ஓர் அலுமினியத் தட்டை வைத்து, கைக்கடிகாரத்தோடு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த கணக்கு அது. முதல் நாள் பதினைந்து, அடுத்த இரண்டு நாளும் பதினான்கு. துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டு டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. படிக்கட்டை எண்ணுவேன், மாத்திரையை எண்ணுவேன், ஆலயத்தில் பிரசங்கம் எத்தனை நிமிடம் போகிறது என்று பார்ப்பேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது, "எண்ணாம ஒரு சோறு தின்னுங்களேன்" என்பாள். அவள் போய் இரண்டு ஆண்டு கழித்துத்தான் இந்த ஒழுகல் தொடங்கியது. மகள் கனடாவில். வீட்டில் நானும், பதினான்கு சொட்டும்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை இருந்தது. முன்பக்கம் வண்டி நிறுத்தத் தகரக் கொட்டகை, பின்பக்கம் ஓர் அறை. நான் முதல்முறை போனபோது, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்டேன். பச்சைச் சேலை கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வேல முடிஞ்சிட்டாம்மா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"இனிமத்தான் தொடங்கணும். என்ன அண்ணாச்சி ஒழுவுது, டீசலா, ஆயிலா?"

மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்து கை கழுவுவார்கள். இவர் முதலில் கழுவுவார். பிறகு வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், ஒரு கைக்கு நான்கு. ஃபேனை நிறுத்துவார். அறைக் கதவை அடைப்பார். பம்பைத் திறந்துவிட்டால் பிறகு யாரும் கதவைத் தொடக்கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு ஒரு பங்கு, துறைமுகத்து நிலக்கரித் தூசி ஒரு பங்கு. அதில் ஒரு துகள் உள்ளே போய் உட்கார்ந்தால் பம்ப் போச்சு. அதனால் கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் மதியத்துக்கு மேல் எந்த வண்டியையும் கையில் எடுக்கமாட்டார். சிபாரிசோடு வருகிறவர்களும் மறுநாள் காலையில்தான் வர வேண்டும்.

சீலாகப் போடுகிற புது ரப்பர் ரிங்குகளை அவர் போட்டு வைப்பது ஒரு முத்துச்சிப்பி ஓட்டில். உள்ளங்கை அகலம், உட்புறம் வழவழவென்று இருக்கும். அவருடைய அப்பா கடலில் முத்துக் குளித்து எடுத்தது என்று சொன்னார். தகரத் தட்டில் வைத்தால் ரிங்கில் கீறல் விழுமாம். ரிங்கை ஏற்றுவதற்கும் இரும்புக் கருவி கிடையாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைத் தேய்த்துச் செய்த ஒரு குச்சிதான். பம்புக்குள்ளே கூர்மையான விளிம்பைத் தாண்டி ரிங்கு போக வேண்டிய இடத்தில், குளிர்பானம் குடிக்கிற குழாயைக் கீறி விளிம்பின்மேல் மூடிவிட்டு, அதன்மீது ரிங்கை வழுக்கவிடுவார். பழைய ரிங்குகளை வண்டிக்காரர் கையில் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொல்வார். என்னுடையது அழுத்தியதும் இரண்டாக உடைந்தது.

"பாத்தியளா? ரப்பரு மாதிரியா இருக்கு? அப்பளம்லா இது."

எல்லாம் பூட்டி முடித்து, ஒரு போல்ட்டின் தலைமேலும் பம்பின் உடம்பின்மேலும் சேர்ந்து விழுகிற மாதிரி சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் தானாகத் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிவிடும். அவருடைய நகத்தில் நான் ஒருநாளும் பூச்சுப் பார்த்ததில்லை.

முதல் நாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒழுகுகிறதா என்று பார்க்க நான் பம்புப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், வலித்தது.

"கையக் கொண்டு போவாதிய! பம்பு அமுக்குத அமுக்குக்கு டீசல் ஊசி கணக்கா தோலுக்குள்ள எறங்கிரும். அட்டைய வச்சிப் பாக்கணும்."

ஓர் அட்டைத்துண்டைச் சுற்றிலும் காட்டினார். அட்டை நனையவில்லை.

"இனி ஒழுகாதாம்மா?" என்றேன்.

"இப்பம் ஒழுவல."

"எத்தனை வருஷம் தாங்கும்? சுமாரா ஒரு கணக்கு சொல்லுங்க."

"பதினஞ்சு நாள் கழிச்சு வந்து காட்டுங்க. பெறவு மூணு மாசத்துக்கு ஒருக்க."

எல்லாரிடமும் இதைச் சொல்வார். வாக்குக் கொடுக்காததற்குப் பதிலாக அவர் வைத்திருந்த வழக்கம் இது. யாரும் போகமாட்டார்கள். ஒழுகாத வண்டியை யார் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? நான் போனேன். பதினைந்தாம் நாள் போனேன். பிறகு தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை. அவருடைய விதிப்படி பதினேழு தடவை வருகிறது. மீதி நான்கும் நானாகப் போனவை. ஏதோ வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். வாடை ஒன்றும் அடிக்கவில்லை.

கதவோரம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் டார்ச்சை அடித்துப் பம்பைப் பார்ப்பார். "இப்பம் ஒழுவல" என்பார். சந்துமுனைக் கடையிலிருந்து டீ வரும். அவர் கை வேலையில் இருக்கும். நான் பேசிக்கொண்டிருப்பேன். ஒன்றரை மணி நேரம் போகும், சில நாள் இரண்டு மணி நேரம். ஒரு தடவை தொண்ணூறாம் நாள் மாதா கோயில் தேர் அன்று விழுந்துவிட்டது. கடை அடைத்திருந்தது. கடைக்கு அடுத்திருந்த அவர் வீட்டுக் கதவை நான் தட்ட, பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக வெளியே வந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குத் தேரு. ஒங்க நாசரேத்து சபைக் காலண்டர்ல மாதா தேரெல்லாம் போடலயாக்கும்?"

"தொண்ணூறு நாள் இன்னைக்குத்தாம்மா முடியுது."

"பம்பு என்ன நாள் எண்ணிக்கிட்டா கெடக்கு? நீங்கதான் எண்ணுதிய."

திட்டிக்கொண்டே உள்ளே போய் டார்ச்சை எடுத்துவந்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இப்பம் ஒழுவல. போயிட்டு வாங்க."

அவர் கணவர் தோணியில் இன்ஜின் டிரைவர். சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற பெரிய மரத்தோணி. மழைக்காலத்தில் தோணி கரையில் கிடக்கும்போது அவர்தான் வீட்டில் வைத்து பம்ப் வேலை பார்த்தாராம். விரல் தடிமனான மனிதர். ரிங்கு ஏற்றும்போது பிய்ந்துபோகும். மனைவி எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, பிறகு இவரே ஏற்றத் தொடங்கி, கடைசியில் கடையே இவருடையதாகிவிட்டது. "அவிய எப்பம் வாராவ?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால், "வந்த பெறவு சொல்லுதேன்" என்பார். அதையும் அதே குரலில்.

ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னால் கேட்கிறவனுக்கு நிம்மதிதானே என்றேன். அவர் கையில் இருந்த ரிங்கை ஏற்றி முடித்துவிட்டுச் சொன்னார்.

"முன்ன சொல்லிட்டுத்தான் இருந்தேன். வேளாங்கண்ணிக்குப் போற ஒரு வேன்காரன் கேட்டான். ஒழுவாது, தைரியமாப் போன்னு சொன்னேன். ஆளில்லாத எடத்துல, உச்சி வெயில்ல நின்னுபோச்சு. உள்ள எட்டுப் பிள்ளைய. வந்து என்னைய வஞ்சான். அது எனக்குப் பெருசில்ல அண்ணாச்சி. அக்கா ஒழுவாதுன்னு சொல்லிட்டாவன்னு நம்பி, அவன் ஒரு பாட்டில் தண்ணி கூட எடுத்துட்டுப் போவல. ஒழுவுனாலும் ஒழுவும்னு சொல்லிருந்தா ஒரு கொடம் எடுத்துருப்பான்லா?"

அதன் பிறகு அதைப்பற்றி நான் கேட்கவில்லை. அவர் வாக்குக் கொடுக்காதவரைதான் எனக்கு அந்த நாற்காலி என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நான்கு ஆண்டு கழித்து, இன்னொரு இடத்தில் ஈரம் கண்டது. மறுபடியும் எல்லா சீலையும் மாற்றிவிடலாம் என்றார். மெயின் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், பம்புக்கான சீல்கள் ஓர் உறையில் வரும் கிட் வாங்கி வரச் சொன்னார். அந்தக் கடைக்காரரிடம்தான் வழக்கமாக அவரும் கிட்டுகள் வாங்குவார். நான் வாங்கி, கடை வாசலிலேயே உறையைப் பிரித்து எண்ணினேன். பதினொரு ரிங்கு.

அன்று அவர் பம்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய ரிங்குகள் ஒன்பது. சிப்பி ஓட்டில் இரண்டு புது ரிங்கு மிஞ்சிக் கிடந்தது. அதை ஒரு தாளில் மடித்து, அலமாரியில் இருந்த ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டார். டப்பா நிறைய அதே மாதிரி மடித்த பொட்டலங்கள். முப்பது நாற்பது இருக்கும், மேலே தெரிந்தது மட்டும்.

அப்போதே கேட்டிருக்கலாம். "இப்பம் ஒழுவல" என்று அவர் சொல்லும்போது வாய்வரை வந்தது. கேட்டால் திருடி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்து, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பதினொன்றும் ஒன்பதும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இரண்டு பழைய சீலை உள்ளேயே விட்டுவிட்டு, புதியதை வேறு யாருக்கோ போடுகிறாரா? எத்தனை வண்டிக்கு இப்படி? கப்பல் சரக்கில் இரண்டு மூட்டை குறைந்தால் கப்பல் அதிகாரியான மேட் முன்னால் நின்று, 'தகராறு' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்காமல் நான் இறங்கியது கிடையாது. முப்பத்தொரு ஆண்டில் முகத்துக்கு எதிரே கேட்காமல் விட்ட ஒரே கணக்கு இதுதான்.

நான்காம் நாள் காலை, எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் திருநெல்வேலி ரோட்டின் மேலேயே இருந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பம்பைத் திறந்து, எத்தனை சீல் புதியது, எத்தனை பழையது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, புழுதி.

"எல்லாம் புதுசுதான் சார். பழசு ஒண்ணு கூட இல்ல. நல்லால்லா போட்டுருக்கு? எதுக்குத் தொறக்கச் சொன்னிய?"

 அவன் மூடினான். மறுநாள் காலை தட்டை வைத்துப் பார்த்தேன். மணிக்கு நாற்பத்தொரு சொட்டு.

வேறு எங்கே போவேன்? சந்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். அவர் பானட்டைத் தூக்கினார். டார்ச்சை அடித்தார். சிவப்புக் கோடு உடைந்து, போல்ட்டின் தலை ஒரு பக்கமும் பம்பு ஒரு பக்கமுமாக நின்றது.

"யாரு தொறந்தா?"

"புதுக்கோட்டையில ஒருத்தன்."

"என்னத்துக்கு?"

"கிட்டுல பதினொண்ணு இருந்துது. நீங்க ஒம்பதுதான் போட்டிய."

கை கழுவினார். வளையல்களை ஆணியில் மாட்டினார். பம்பைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தார். அன்று என்னையும் உள்ளே வரச் சொன்னார். பிஸ்கட் டப்பாவை இறக்கி, ஒரு பொட்டலத்தைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தாளின்மேல் பென்சிலால் என் வண்டி எண் எழுதியிருந்தது. மற்றப் பொட்டலங்களிலும் ஒவ்வொரு எண்.

"ஒரு கிட்டுல மூணு மாடல் பம்புக்கும் சேத்து ரிங்கு போட்டு அனுப்புதான். எவனாவது மிச்சத்தக் கேட்டா குடுக்கணும்லா, அதான் எழுதி வச்சிருக்கேன். இந்த ரெண்டும் ஒங்க பம்புல எங்கன இருக்கும்னு நீங்களே வச்சிக் காட்டுங்க."

வைத்துப் பார்த்தேன். ஒன்று எங்கேயும் நுழையவில்லை. இன்னொன்று எதன்மீதும் நிற்காமல் நழுவி விழுந்தது.

"கேட்டுருக்கலாம்லா அண்ணாச்சி."

"கேட்டா தப்பா நெனப்பியன்னு..."

"கேட்டா தப்பா நெனப்பேன். தொறந்தா நெனக்க மாட்டேன், என்ன?"

புதுக்கோட்டைக்காரன் ஒரு ரிங்கைக் கடிபட வைத்து மூடியிருந்தான். அதை எடுத்துக் காட்டக்கூட இல்லை, ஓரமாக வைத்தார். மூன்று மணி நேரம் வேலை நடந்தது. நடுவில் டீ வந்தது, எனக்கும் சேர்த்து. வராமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. பூட்டி, இன்ஜினை ஓடவிட்டு, அட்டையைச் சுற்றிலும் காட்டி, புதுக்கோடு இழுத்தார். நான் வழக்கம்போல் காத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கேட்கவில்லை.

"இனி ஒழுவாது" என்றார்.

சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "என்னம்மா?" என்றேன்.

"இனி ஒழுவாது அண்ணாச்சி. நீங்க வந்து காட்டாண்டாம்."

வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எத்தனை நாள் எனக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது! அது கிடைத்தபோது, இனி இந்த வாசலில் உனக்கு வேலை இல்லை என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அன்று முதல் அந்தச் சந்துக்குள் போகவில்லை. ஏழு ஆண்டும் ஐந்து மாதமும். ஐம்பத்தோராயிரம் கிலோமீட்டர். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முதலில் எல்லாம் தினமும் காலையில் குனிந்து பார்ப்பேன். பயத்தில் பார்க்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓராண்டு போன பிறகுதான் புரிந்தது: தரை காய்ந்து கிடப்பதைக் கண்டு நிமிரும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஒருநாள் ஸ்பேனரை எடுத்து அந்த போல்ட்டின்மேல் மாட்டிக்கூட விட்டேன். கால் சுற்று திருப்பினால் போதும். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். ஸ்பேனரைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டேன். தானாகத் தளர்ந்ததா, நான் தளர்த்தியதா என்று அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

போன வாரம் டீசல் ஃபில்டர் வாங்க மெயின் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஃபில்டரை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பம்பு அக்கா கடைய அடைச்சிட்டாவ, தெரியுமா அண்ணாச்சி? மங்களூர்ல மவன் மீன்பிடி போட்டு இன்ஜின் வேல பாக்கான்லா, புருசனும் பொஞ்சாதியுமா அங்கனயே போயிட்டாவ. ரெண்டு மாசம் இருக்கும்."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். சொல்லாமல் போய்விட்டாரே என்று வாயில் வந்தது. எனக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

"கிட்டு வாங்க வரும்போதுலாம் ஒங்களத்தான் கேப்பாவ" என்றார் கடைக்காரர்.

"என்னையா?"

"ஆமா. 'அந்த எண்ணுத அண்ணாச்சி வண்டி ஒழுவுதாமா?'ன்னு. ஒழுவலக்கா, நல்லா ஓடுதுன்னு சொல்லுவேன். 'நெசமாத்தானா? நீரு பாத்தீரா?'ன்னு மறுபடியும் கேப்பாவ. ஒங்க வண்டி இந்த ரோட்டுலதான போவுது, பாத்தேன்க்கான்னு சொல்லுவேன். பெறவு, 'வாக்குக் குடுத்துட்டேன், அதான்'னு சொல்லிட்டுப் போவாவ."

"எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? வண்டி ஒழுவுனாத்தான சொல்லணும்?"

அவர் பில் எழுதினார். நான் ஃபில்டரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஆண்டு ஐந்து மாதம். அவர் ஊரில் இல்லாத இரண்டு மாதம் போக, மாதம் ஒருமுறை கிட் வாங்க வந்திருந்தால் எண்பத்தேழு. மழைமாதங்களில் வேலை குறைவு, சில மாதம் வந்திருக்க மாட்டார். வேலை கூடிய மாதத்தில் இரண்டுமுறைகூட வந்திருக்கலாம்.

"எத்தன தடவ கேட்டிருப்பாவ?" என்றேன். "சரியாச் சொல்லுங்க."

கடைக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதையெல்லாம் யாரு அண்ணாச்சி எண்ணுனா?"